வளரும் பிள்ளைக்கு ரோடு பைக்: இன்றைய உடம்புக்குப் பொருந்துவதை எப்படித் தேர்ந்தெடுப்பது

"வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துடலாம்." பிள்ளைக்கு ரோடு பைக், அதாவது வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் உள்ள சைக்கிள், வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது இதுதான். சட்டைக்குச் சரிப்படும் இந்தக் கணக்கு ரோடு பைக்குக்குச் சரிப்படாது. சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்துக்கொள்ளலாம். ஃபிரேம் பெரிதாக இருந்தால் பிரேக் லீவர் கைக்கு எட்டாது. நிற்கும்போது கால் தரையில் பாவாது. முழங்கையை விறைத்து நீட்டிக்கொண்டே ஓட்டுவதால் கழுத்தும் தோளும் வலிக்கும். இரண்டு மாதத்தில் சைக்கிள் மூலைக்குப் போய்விடும். பிறகு அளவு பொருந்தும் நாள் வந்தாலும், பிள்ளைக்கு அதன்மேல் ஆசை இருக்காது.

பிள்ளைகள் வளரும் விதத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. ஐந்து வயதுக்குப் பிறகு, பருவம் எட்டும் வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. உயரம் கூடும். பருவ வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டில் பெண் பிள்ளைகள் 8 செ.மீ. அளவுக்கும், ஆண் பிள்ளைகள் 9 முதல் 10 செ.மீ. அளவுக்கும் வளர்வதுண்டு. அந்த வேகமான வளர்ச்சியில் முதலில் நீள்வது கால். முதுகு நீள்வது அதன் பிறகு. சைக்கிளில் சீட்டை உயர்த்துவது ஐந்து நிமிட வேலை, காசும் செலவில்லை. நீளமான ஃபிரேமைக் குட்டையாக்க முடியாது. அதனால் சீட் ஏறுவதற்கு இடம் இருக்கட்டும். கை எட்டும் தூரம் மட்டும் இன்றைக்கே சரியாக இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

கடைக்குப் போகும் முன் அளவெடுங்கள்

வயதை வைத்து அளவு சொல்லும் அட்டவணைகளை ஒதுக்கிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இருவருக்குள்ளேயே 20 செ.மீ. வித்தியாசம் இருக்கலாம். நமக்கு வேண்டியவை நான்கு அளவுகள்: உயரம், உள்கால் நீளம், தோள் அகலம், எடை.

உள்கால் நீளத்தை அளப்பதில்தான் தவறு நேரும். செருப்பில்லாமல் பிள்ளையைச் சுவரில் முதுகு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். பாதங்களுக்கு இடையே 15 செ.மீ. இடைவெளி போதும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை, அதன் முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி, கால்களுக்கு நடுவே வைத்து மேலே ஏற்றுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அந்த அளவுக்கு அழுத்த வேண்டும். புத்தகத்தின் ஓரம் சுவரை முழுதாகத் தொட்டிருந்தால்தான் அது சாயாமல் இருக்கிறது என்று பொருள். புத்தகத்தின் மேல்விளிம்பில் சுவரில் கோடு போட்டுத் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். மூன்று முறை அளந்து நடு அளவை எடுங்கள். பேன்ட்டின் உள்தையல் நீளத்தை இதற்குப் பதிலாக எடுத்தால் பல சென்டிமீட்டர் குறைந்துவிடும்.

தோள் அகலம் என்பது இரண்டு தோள்களின் மேலும் தட்டுப்படும் எலும்பு முனைகளுக்கு இடைப்பட்ட தூரம். ஹேண்டில்பார் அகலம் இதையொட்டி இருக்க வேண்டும்.

சீட் எவ்வளவு இறங்கும்?

உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். இது பெரியவர்களுக்காக வந்த கணக்கு. பிள்ளைக்குத் தொடக்கத்தில் 1 முதல் 2 செ.மீ. தாழ்வாக வைத்தால் நிற்கவும் கிளம்பவும் பயம் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டு. பிள்ளையின் உயரம் 138 செ.மீ., உள்கால் 63 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 63 × 0.883 = 55.6. ஆக, சீட் இன்றைக்கு 54 முதல் 55 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். இனி ஃபிரேமைப் பாருங்கள். சீட் குழாயின் நீளத்தோடு சுமார் 8 செ.மீ. கூட்டினால் அந்த சைக்கிளில் சீட் இறங்கக்கூடிய மிகக் குறைந்த உயரம் வந்துவிடும். சீட் போஸ்ட்டின் (சீட்டைத் தாங்கி, அந்தக் குழாய்க்குள் ஏறி இறங்கும் தண்டு) தலைப்பகுதியும் சீட்டின் தடிமனும் சேர்ந்து அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும். சீட் குழாய் 44 செ.மீ. என்றால் 52-க்கு இறங்கும். இந்தப் பிள்ளைக்குப் போதும். 48 செ.மீ. என்றால் 56, ஆகாது. கடைக்காரர் "அடுத்த வருஷம் சரியாயிடும்" என்று எவ்வளவு சொன்னாலும் ஆகாது.

போஸ்ட் உண்மையாகவே அடிவரை இறங்குகிறதா என்றும் சோதியுங்கள். தண்ணீர் பாட்டில் மாட்டும் திருகுகள் சில ஃபிரேம்களில் உட்புறம் நீட்டிக்கொண்டு போஸ்ட்டை நடுவிலேயே தடுத்துவிடும். அப்படியிருந்தால் போஸ்ட்டின் அடியை அறுத்துக் குட்டையாக்கலாம். ஆனால் அறுத்த பிறகு "இதற்கு மேல் ஏற்றாதே" என்ற கோடும் போய்விடும். குழாய்க்குள் குறைந்தது 10 செ.மீ. இருக்கும்படி நீங்களே புதிதாகக் கோடு கீறிவிட வேண்டும்.

மேல் குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது உடம்புக்கும் குழாய்க்கும் நடுவே 3 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். சரிவான மேல் குழாய் உள்ள ஃபிரேம்களில் இது எளிதாகக் கிடைத்துவிடும். அதனாலேயே, இந்த ஒரு சோதனையில் தேறிவிட்டது என்று ஃபிரேமை எடுத்துவிடக் கூடாது.

கை எட்டும் தூரம்

ரோடு பைக்கில் கை போய்ச் சேரும் தூரத்துக்கு மூன்று பங்காளிகள்: ஃபிரேமின் ரீச் (கிராங்க் சுழலும் மையத்திலிருந்து, ஃபிரேமின் முன்னே உள்ள தலைக்குழாயின் உச்சி வரை கிடையாக உள்ள தூரம்), ஸ்டெம்மின் (ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் குட்டைத் துண்டு) நீளம், வளைந்த ஹேண்டில்பார் முன்னோக்கி நீளும் அளவு. ஒரு சைக்கிளில் இவை 350, 60, 70 மி.மீ. என்றால் மொத்தம் 480. இன்னொன்றில் 365, 90, 85 என்றால் 540. இரண்டும் "எக்ஸ்-எஸ்" என்ற ஒரே ஸ்டிக்கரோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். 6 செ.மீ. வித்தியாசம் பெரியவர்களுக்கே அதிகம். 138 செ.மீ. பிள்ளைக்கு அது ஓட்ட முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

மேல் குழாய் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சிறிய ஃபிரேமில் பெரியவர்களுக்கான 700சி சக்கரத்தைப் பொருத்துகிற தயாரிப்பாளர்கள், சீட் குழாயை 75, 76 டிகிரிக்கு நிமிர்த்திவிடுவார்கள். ஒரு டிகிரி நிமிர்த்தினால் மேல் குழாய் கணக்கில் ஏறத்தாழ 1 செ.மீ. குறையும். ஆனால் பெடலிலிருந்து ஹேண்டில்பார் இருக்கும் தூரம் துளியும் குறைந்திருக்காது. சீட்டைப் பின்னே தள்ளிச் சரியாக உட்கார வைத்ததும் நீளம் திரும்ப வந்துவிடும். அதனால் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில் 'ரீச்', 'ஸ்டேக்' என்று இருக்கும் இரண்டு எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஸ்டேக் என்பது ரீச் அளக்கும் அதே இரு இடங்களுக்கு இடையே உள்ள செங்குத்து உயரம். ரீச் குறைவாகவும் ஸ்டேக் அதிகமாகவும் இருப்பது பிள்ளைக்கு நல்லது.

எண்களை விட நம்பகமானது பிள்ளையின் உடம்பு. பிரேக் லீவரின் ரப்பர் மூடிமேல் கை வைத்து உட்காரும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. ஐந்து நிமிடம் ஓட்டவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். சொல்லாமலேயே கை ஸ்டெம்முக்கு அருகில் உள்ள நேர்ப்பகுதிக்குப் போய்விடுகிறதா? அப்படியானால் சைக்கிள் நீளம். "கை வலிக்குதா" என்று கேட்டால் புது சைக்கிள் ஆசையில் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். கை பொய் சொல்லாது.

நீளம் 2 செ.மீ. வரை அதிகமென்றால் ஸ்டெம்மை மாற்றிச் சரிசெய்யலாம். 80 மி.மீ. இருக்கும் இடத்தில் 60 போடலாம். 50-க்குக் கீழே போனால் ஹேண்டில் படபடக்கும். 80 மி.மீ. ஸ்டெம் 7 டிகிரி சாய்வு உள்ளதாக இருந்தால், அதைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாலே ஹேண்டில் 2 செ.மீ. அளவு உயரும். செலவே இல்லாத இந்த வேலையைக் கடையிலேயே செய்து கேளுங்கள். சீட்டை முன்னே தள்ளி நீளத்தைக் குறைக்கப் பார்ப்பது தவறு. முழங்கால் பெடலுக்கு முன்னே போய்விடும், உடம்பின் பாரமும் கைமேல் விழும்.

ஹேண்டில்பார் அகலம் இந்த வயதில் பெரும்பாலும் 34 முதல் 38 செ.மீ.க்குள் அடங்கும். சிறிய ஃபிரேமிலும் பெரியவர்களுக்கான 40, 42 செ.மீ. ஹேண்டிலையே மாட்டி விற்கிறார்கள். முன்னோக்கி நீளும் அளவு 70 மி.மீ.க்கும், கீழ் வளைவின் ஆழம் 120 மி.மீ.க்கும் மேல் போகாததாகப் பாருங்கள்.

பிரேக்: இங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்

மற்ற எல்லாம் பொருந்தி இது ஒன்று பொருந்தவில்லை என்றாலும் அந்த சைக்கிளை விட்டுவிடுங்கள்.

சோதனை இப்படி. பிள்ளையை சீட்டில் உட்கார வைத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லீவருக்கு நீட்டச் சொல்லுங்கள். விரலின் முதல் கணு லீவரைத் தாண்டி மடங்க வேண்டும். நகநுனி மட்டும் தொட்டால் போதாது; நுனிவிரலில் பிடிக்கும் வலு இருக்காது. அடுத்து, மேலே ரப்பர் மூடியில் கை வைத்தும் இதையே செய்து பாருங்கள். கடைசியாக, பிள்ளை கீழே இறங்கி நின்று முன் பிரேக்கை மட்டும் அழுத்திச் சைக்கிளை முன்னே தள்ளட்டும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழும்பவில்லையென்றால் பிரேக் அந்தக் கையின் வலுவுக்குச் சரிப்படவில்லை.

பெரும்பாலான லீவர்களில் கையருகே இழுத்து வைக்கும் சிறு திருகு ரப்பர் மூடிக்குள்ளோ லீவரின் முன்பக்கத்திலோ இருக்கும். சில பழைய மாடல்களில் திருகுக்குப் பதிலாகச் சிறு ரப்பர் ஆப்பு வைப்பார்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. லீவரை உள்ளே இழுத்தால், அது ஹேண்டிலை முட்டும் வரை நகரக்கூடிய தூரம் குறைந்துவிடும். முன்பு நன்றாகப் பிடித்த பிரேக், இப்போது முழுதாகப் பிடிக்கும் முன்பே லீவர் ஹேண்டிலில் இடித்து நிற்கும். ஆகவே திருகைத் திருப்பியதோடு விடாமல் கேபிளையும் இறுக்கி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பக்கத்துக்கு 1 முதல் 1.5 மி.மீ. என்று புதிதாக வையுங்கள்.

லீவர் கனமாக இருந்தால் முதலில் குற்றம் சாட்ட வேண்டியது கேபிளை. மலிவான உறையும் துருப்பிடித்த உள்கம்பியும் பிள்ளையின் கைவலுவில் பாதியைத் தின்றுவிடும். உட்புறம் வழவழப்பான பூச்சுள்ள 5 மி.மீ. பிரேக் உறையும் துருப்பிடிக்காத உள்கம்பியும் போட்டால் அதே பிரேக் வேறு பிரேக் போல வேலை செய்யும். 4 மி.மீ. கியர் உறையை பிரேக்குக்குப் போடவே கூடாது. அதில் கம்பிகள் நீளவாட்டில் ஓடுகின்றன. பலமாகப் பிடிக்கும்போது உறை வெடித்துவிடும்.

பிரேக் வகையில் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். ரோடு பைக் லீவர் இழுக்கும் கேபிள் நீளம் குறைவு. ரிம்மை இருபுறமும் இரண்டு நீளக் கைகளால் கவ்வும் வழக்கமான வி-பிரேக்குக்கு அது போதாது. இரண்டையும் இணைத்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டிலைத் தொடும். அதைச் சரிக்கட்டக் கட்டைகளை ரிம்மோடு ஒட்டி வைத்தால், சக்கரம் ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் உரசும். 80 முதல் 90 மி.மீ. கை உள்ள மினி வி-பிரேக் என்றால் சரி. டிஸ்க் பிரேக்கிலும் இதே சிக்கல்தான்: மவுன்டன் பைக்குக்கான கேபிள் டிஸ்க்கும் ரோடு லீவரும் ஒத்துப்போகாது. மலிவான கேபிள் டிஸ்க்குகளில் ஒரு பக்கக் கட்டை மட்டுமே நகரும். கட்டை தேயத் தேயக் கையால் திருகி நெருக்கிவிட வேண்டும், மறந்தால் லீவர் ஹேண்டில்வரை வந்துவிடும். கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் விரலுக்கு மிக இலகு. ஆனால் அதன் லீவர் தலை பருமன். சிறிய உள்ளங்கைக்குள் அடங்குகிறதா என்று பிடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஹேண்டிலின் மேல் நேர்ப்பகுதியில் கூடுதலாக ஒரு ஜோடி பிரேக் லீவர் மாட்டலாம். மண்பாதைப் பந்தயத்துக்கான சைக்ளோகிராஸ் சைக்கிள்களில் இது உண்டு. முதன்முறை வளைந்த ஹேண்டிலுக்கு மாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. கேபிள் பிரேக் என்றால் இடையில் உறையை வெட்டிப் பொருத்திவிடலாம்.

சக்கர அளவு

உயரம் ஏறத்தாழ 125 முதல் 145 செ.மீ. வரை 24 அங்குலம். 140 முதல் 155 வரை 650பி அல்லது 650சி. 150-ஐத் தாண்டிய பின் மிகச் சிறிய 700சி ஃபிரேம். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது சரிதான். கை நீளமான பிள்ளை சீக்கிரம் மாறும், மற்றது பொறுத்து மாறும். 125-க்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு நேரான ஹேண்டில் உள்ள இலகுவான 20 அங்குல சைக்கிளே போதும். ஒரு கையை எடுத்துவிட்டு நேராக ஓட்டவும், கோணாமல் திரும்பிப் பின்னால் பார்க்கவும் வந்த பிறகு ரோடு பைக்கை யோசிக்கலாம்.

அவசரப்பட்டு 700சி-க்குப் போனால் வரும் முதல் தொல்லை கால்விரல் முட்டுவது. கிராங்க்கைத் தரைக்குக் கிடையாக முன்னே வைத்து, பெடலில் பாதத்தின் பந்துப்பகுதி படும்படி காலை வைத்து, ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். செருப்பு நுனி டயரில் பட்டால் அதுதான். வேகமாகப் போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது என்பதால் பெரியவர்கள் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைகள் கிளம்புவதும், திரும்புவதும், தடுமாறுவதும் மெதுவான வேகத்தில். விழுவதும் அங்கேதான்.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 அங்குலம் என்ற ஒரே பெயரில் 507, 520, 540 மி.மீ. என்று வெவ்வேறு விட்டங்கள் உண்டு; ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 507-க்கு டயர் எங்கும் கிடைக்கும். 520 ரோடு பைக்குக்கென்றே உள்ள மெல்லிய சக்கரம், தேடித்தான் வாங்க வேண்டும். 650சி என்பது 571, 650பி என்பது 584, 700சி என்பது 622. இவற்றில் 571-க்கு டயர் தேர்வு மிகக் குறைவு. வாங்கும்போதே ஒரு ஜோடி டயரும் ட்யூபும் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

கிராங்க் நீளம்

குழந்தை சைக்கிள்களில் அதிகம் ஏமாற்றப்படும் பாகம் இது. உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கைக்கணக்கு: 138 செ.மீ. பிள்ளைக்கு 140 மி.மீ. சிறிய 700சி ஃபிரேம்களில் 165, 170 மி.மீ. கிராங்க் மாட்டியிருப்பார்கள். நீளமான கிராங்க்கில் பெடல் உச்சிக்கு வரும்போது முழங்கால் வயிற்றை நோக்கி மிக மடங்கும், இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடும், வேகமாகச் சுழற்ற வராது. முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பார்த்த கையோடு கிராங்க் நீளத்தையும் பாருங்கள். நீளம் கிராங்க்கின் உட்புறம், பெடல் மாட்டும் துளைக்கருகே பொறித்திருக்கும்.

குட்டைக் கிராங்க் கிடைக்கவில்லையென்றால், கெட்டியான அலுமினியக் கிராங்க்கில் உட்புறமாகப் புதுத் துளை போட்டு மரை வெட்டித் தரும் தேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு. இடதுபுறத்துக்கு இடமரை என்பது நினைவிருக்கட்டும். உள்ளே கூடான கிராங்க்கிலும் கார்பனிலும் இதைச் செய்யக் கூடாது. கிராங்க் 20 மி.மீ. குறைந்தால் சீட்டை 20 மி.மீ. உயர்த்த வேண்டும். கால்விரல் முட்டும் தொல்லையும் அதே அளவு குறையும்.

கியர்

பெரியவர்களின் ரோடு பைக்கில் முன்னே 50, 34 பல் உள்ள இரண்டு சக்கரங்கள், பின்னே 11 முதல் 28 பல் வரை என்று இருக்கும். அதன் மிக இலகுவான கியரில்கூடப் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 2.55 மீட்டர் நகரும். 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஏற்றத்தில் இது சுமை. 2 மீட்டர் அளவில் ஓர் இலகுவான கியர் வேண்டும். 700சி சக்கரத்தில் முன்னே 34 பல், பின்னே 34 பல் என்றால் 2.1 மீட்டர். 24 அங்குலத்தில் முன்னே 34-க்குப் பின்னே 32 போட்டாலே 1.9-க்குக் கீழே வந்துவிடும். மேல்முனையில் 5.5 மீட்டர் தாராளம். நிமிடத்துக்கு 90 சுற்றில் அது மணிக்கு 30 கி.மீ. வேகம்.

முன்னே ஒரே பல்சக்கரம், 34 முதல் 38 பல் உள்ளதாக, இருப்பதே எங்கள் பரிந்துரை. முன் கியரை மாற்றத்தான் இடது கைக்கு அதிக வலு வேண்டும். செயின் கழன்று விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். பின் சக்கரத்தில் பெரிய பல் போடும் முன், டிரெயிலர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) அந்த அளவை ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் அதன் மேல் சக்கரம் பெரிய பல்லில் உரசிக் கொரகொரக்கும்.

கியர் மாற்றும் விதத்தையும் பிள்ளையே செய்து பார்க்கட்டும். ஷிமானோவில் பிரேக் லீவரையே உட்புறமாகத் தள்ளினால் இலகுவான பல்லுக்குப் போகும். சிறிய விரலுக்கு அந்தத் தள்ளல் நீளம். ஸ்ராமில் தனியாக ஒரு சின்ன லீவர் மட்டும். பழைய ஷிமானோ 2300, சோரா 3400 வகைகளில் கனமான பல்லுக்கு மாற உட்புறத்தில் கட்டைவிரல் பொத்தான் இருக்கும். ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்திருக்கும்போது அது எட்டாது.

பந்தயத்தில் இறங்கும் எண்ணமிருந்தால் கியர் வரம்பைக் கேட்டு வையுங்கள். சர்வதேச சைக்கிள் ஒன்றியம் ஜூனியர் பிரிவுக்கு வைத்திருந்த 7.93 மீட்டர் வரம்பை 2023 தொடக்கத்தில் நீக்கிவிட்டது. ஆனால் அதற்குக் கீழான வயதுகளுக்குத் தேசிய அமைப்புகள் தங்களுக்கென்று வரம்பு வைத்திருக்கலாம். அளப்பது எளிது: மிகக் கனமான கியரில் போட்டு, பெடல் சரியாக ஒரு சுற்று சுற்றும் வரை சைக்கிளை நேராகப் பின்னோக்கி உருட்டி, நகர்ந்த தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும்.

எடையும் காற்றும்

35 கிலோ பிள்ளைக்கு 9.5 கிலோ சைக்கிள் என்பது உடல் எடையில் 27 சதவீதம். 70 கிலோ ஆள் 19 கிலோ சைக்கிளை மிதிப்பதற்குச் சமம். எடை முக்கியம்தான். ஆனால் கார்பன் தேவையில்லை. அலுமினிய ஃபிரேம், நல்ல ஃபோர்க், இலகுவான டயர், ட்யூப் போதும். 24 அங்குல சைக்கிள் 10 கிலோவைத் தாண்டினால் வேறு பாருங்கள். அளவு பொருந்தாத 8 கிலோவை விட, பொருந்தும் 10 கிலோ மேல்.

காற்று விஷயத்தில் கடைகள் செய்யும் வழக்கமான பிழை, பெரியவர்களுக்கு அடிப்பதுபோல் 90, 100 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்புவது. பிள்ளையும் சைக்கிளும் சேர்ந்து 45 கிலோ என்றால் 28 மி.மீ. டயரில் 45 முதல் 55 போதும். டயரில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம். காற்று அதிகமானால் சைக்கிள் துள்ளும், நனைந்த சாலையில் பிடிப்பு குறையும், கை மரத்துப்போகும். 28 முதல் 32 மி.மீ. டயருக்கு ஃபிரேமில் இடமிருப்பது நல்லது. 23-க்கு மட்டும் இடமுள்ள ஃபிரேமைத் தவிருங்கள்.

பழைய சைக்கிள் வாங்கினால்

பிள்ளைகளின் ரோடு பைக் தேய்வதற்குள் சிறிதாகிவிடும். அதனால் பழையதில் நல்லது கிடைக்கும். முதலில் சீட் போஸ்ட் நகர்கிறதா என்று பாருங்கள். அலுமினிய போஸ்ட் ஃபிரேமோடு இறுகிப்போயிருந்தால், சீட்டை ஏற்ற முடியாது. வளரும் பிள்ளைக்கு அந்த சைக்கிள் வீண். ஸ்டெம்முக்கும் இதே சோதனை.

அடுத்து, சைக்கிளின் பின்னால் குந்தி, டிரெயிலர் தொங்கும் சிறு உலோகத் துண்டைப் பாருங்கள். பிள்ளைகள் சைக்கிளை வலப்பக்கமாகப் போடுவதால் அது உள்ளே வளைந்திருக்கும். டிரெயிலரின் இரு சிறு சக்கரங்களும் பின் பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். வளைந்திருந்தால், மிக இலகுவான கியரில் டிரெயிலர் ஸ்போக்குக்குள் போய்ச் சக்கரத்தையே பிடித்துவிடும். அதைக் கருவி வைத்து நிமிர்த்தலாம், அல்லது புதிதாக மாற்றலாம்.

செயினில் 12 முழுக் கண்ணிகள் (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்து ஒன்று) 304.8 மி.மீ. இருக்க வேண்டும். 308-ஐத் தாண்டியிருந்தால் செயினோடு பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. தலைக்குழாயின் அடியிலும் கிராங்க் சுழலும் மையத்துக்கு அருகிலும் வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் கீறலோ விரிசலோ இருந்தால் விலை பேச வேண்டாம், வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு

தொடக்கத்தில் சாதாரணத் தட்டைப் பெடல் போடுங்கள். ஷூவைக் கவ்விக்கொள்ளும் கிளிப் பெடலுக்கு, பாதம் அதற்கான ஷூ அளவை எட்டும் வரை பொறுத்து, ஷூவின் அடியில் இரண்டு திருகால் மாட்டும் வகையில் பிடிப்பை மிகத் தளர்வாக வைத்துத் தொடங்கலாம்.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட் உயரத்தைப் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழ்முனைக்குக் கொண்டுவந்தால் கால் நேராக வேண்டும். இடுப்பு சாயக் கூடாது. முழங்கால் மடங்கியே இருந்தால் 5 மி.மீ. ஏற்றுங்கள். உள்கால் நீளம் மொத்தமாக 3 செ.மீ. கூடிய பிறகு கிராங்க்கில் 5 மி.மீ. கூட்டுவது பற்றி யோசிக்கலாம். ஸ்டெம்மை 10 மி.மீ. நீட்டுவது அதற்கும் பின்னால், கை ரப்பர் மூடியில் இருக்கும்போது முழங்கை மிக மடங்கி முதுகு கூன ஆரம்பித்தால் மட்டும். ஸ்டெம் திருகுகளைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு 5 நியூட்டன் மீட்டர், அதன்மேலேயே பொறித்திருக்கும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு சைக்கிள் 12 முதல் 15 செ.மீ. வளர்ச்சியைத் தாங்கும்: சாதாரண வளர்ச்சியில் இரண்டு ஆண்டுக்கு மேல், பருவ வேகத்தில் ஒன்றரை ஆண்டு. சீட் போஸ்ட் கோட்டைத் தொட்டுவிட்டாலோ, 100 மி.மீ. ஸ்டெம் போட்டும் நெருக்கமாக இருந்தாலோ, எழுந்து நின்று மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டிலில் இடித்தாலோ, அடுத்த ஃபிரேமுக்கு நேரம் வந்துவிட்டது. கழற்றிய குட்டை ஸ்டெம், சிறிய கிராங்க், குறுகிய ஹேண்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எந்தத் தேதியில் எந்த அளவு மாட்டினீர்கள் என்ற சீட்டோடு சைக்கிளுடன் சேர்த்து வையுங்கள். தம்பி தங்கைக்குப் போனாலும் வேறு வீட்டுக்குப் போனாலும் அடுத்த பிள்ளைக்குத் தொடக்க அளவு அந்தப் பைக்குள்தான் இருக்கும்.